அளவறிந்த வலிமை

வலிமை வேண்டாத உயிர் உலகில் இல்லை. நிலத்தைப் பிளந்து வெளிவரும் முளைக்கும் வலிமை வேண்டும். கல்லிடுக்கில் நுழைந்து நீர் தேடும் வேருக்கும் வலிமை வேண்டும். மக்களுக்கு உடல் வலிமையும் உள்ள வலிமையும் ஒருங்கே வேண்டும். ஆயினும், வலிமையைப் பெறுதல் வேறு. அதன் அளவை அறிதல் வேறு. கரைக்குள் ஓடும் ஆறு வயலை வாழ்விக்கும். கரை கடந்த ஆறு அவ்வயலையே அழிக்கும். உடல் வலிமையும் அத்தகையதே. அளவறிந்து தேடுவோர்க்கு அது துணை. அளவறியாது தேடுவோர்க்கு அதுவே பகை.

இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளில் உண்டு. அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் வகுப்பறையும் நூலகமும் இருத்தல் போலவே எடைப்பயிற்சிக் கூடமும் இருக்கும். நீண்ட இரும்புத் தண்டுகளும், அவற்றின் இரு முனைகளிலும் கோக்கப்படும் வட்டத் தட்டுகளும், தண்டைத் தாங்கும் நிலைச்சட்டங்களும் அங்கு வரிசையாக விளங்கும். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள மாணவரும் மாணவியரும் பயிற்றுநர் முன்னிலையில் அங்குப் பயில்வர். அண்மைக் காலத்தில் அவ்விரும்புக்கு அருகே புதிய பொருள்கள் சில வந்து சேர்ந்துள்ளன. தண்டின் வேகத்தை அளக்கும் உணர்கருவி, அசைவைக் காணும் காமிரா, எண்களைக் காட்டும் கைக்கணினி ஆகியவை அவை. கனத்த இரும்பைத் தூக்குவதற்கு இத்துணை நுட்பமான கருவிகள் எதற்கு? அவை இளைஞர்க்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? இவ்வினாக்கள் ஆராயத் தக்கவை.

எடைப்பயிற்சியின் அடிப்படை மிக எளியது. தாங்கத்தக்க சுமையை உடல் பலமுறை தாங்கினால் தசை உரம் பெறும். உரம் பெற்ற தசைக்குச் சுமையைச் சிறிது கூட்டினால் அது மேலும் உரம் பெறும். கி.மு. ஆறாம் நூற்றாண்டில், இத்தாலியின் தென்பகுதியில் இருந்த குரோட்டன் என்னும் கிரேக்க நகரத்தில் மிலோ என்னும் மல்லன் வாழ்ந்தான். அவன் இளங்கன்று ஒன்றை நாள்தோறும் தோளில் சுமந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்தது என்றும், அது காளையான பின்னும் அதனைச் சுமந்து நடந்தான் என்றும் பழங்கதை கூறும். கதை புனைவே ஆயினும் அதனுள் பொதிந்த கருத்து மெய்யானது.

ஆனால், கதைக்கும் கூடத்திற்கும் ஒரு வேற்றுமை உண்டு. கன்று ஒரு நாளில் எவ்வளவு வளரலாம் என்பதை இயற்கை வரையறுத்தது. இரும்புக்கு அத்தகைய வரையறை இல்லை. ஆசை மிக்க இளைஞன் ஒரே நாளில் இரண்டு தட்டுகளைக் கூட்டிவிட இயலும். எவ்வளவு கூட்டலாம்? எப்போது நிறுத்தலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதே எடைப்பயிற்சியின் வரலாறு எனலாம்.

1879ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்திற்குத் தலைவராக அமர்ந்தார் டட்லி ஆலன் சார்ஜென்ட் என்னும் மருத்துவர். அவர் கயிறும் கப்பியும் எடையும் பொருந்திய பொறிகளை அமைத்தார். மாணவர் ஒவ்வொருவருடைய உடலையும் அளந்து, மெலிந்த உறுப்பு எது என ஆய்ந்து, அதற்கேற்ற பயிற்சியை வகுத்தார். அனைவர்க்கும் ஒரே பயிற்சி என்னும் பழைய முறைக்கு மாறாக, அவரவர்க்கு ஏற்ற பயிற்சி என்னும் முறை அவர் கூடத்தில் வேரூன்றியது. அளவுகோலும் இரும்பும் அன்றே நட்புப் பூண்டன.

அந்நட்பை வலுப்படுத்தியவர் தாமஸ் டெலார்ம். இளமையில் நோயுற்று மெலிந்த அவர், எடை தூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். பின்னர் மருத்துவரான அவர், இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோ நகரத்துப் படை மருத்துவமனையில் பணியாற்றினார். காலில் காயமுற்று வலிமை இழந்த வீரர்கள் பலர் அங்கு இருந்தனர். மெல்லிய பயிற்சிகளே நோயாளிக்குத் தகும் என்பது அக்காலத்து எண்ணம். டெலார்ம் துணிந்து அவர்களுக்கு எடைப்பயிற்சி அளித்தார். நலிந்த கால்கள் மீண்டும் உரம் பெற்றன. அவர் தம் முறையை 1945ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளியிட்டார். நாளடைவில் அம்முறையை மேலும் எளிமையாக்கினார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடை எது என்பதை முதலில் காண வேண்டும். அவ்வெடையில் பாதியைப் பத்து முறையும், முக்கால் பங்கைப் பத்து முறையும், முழு எடையைப் பத்து முறையும் தூக்க வேண்டும். பிறர் தூக்கும் எடைக்கு இக்கணக்கில் இடமில்லை. அவரவர் ஆற்றலே அவரவர்க்கு அளவுகோல்.

எனினும், விளையாட்டுப் பயிற்றுநர் பலர் எடைப்பயிற்சியை நெடுங்காலம் அஞ்சி விலக்கினர். எடை தூக்கினால் தசை இறுகும், ஓட்டம் குறையும், உடல் வளையாது என்பது அவர்கள் அச்சம். 1969ஆம் ஆண்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்டு எப்லி என்னும் இளைஞரைக் காற்பந்து அணிக்கு எடைப்பயிற்சி அளிக்க அமர்த்தியது. அவர் கோலூன்றித் தாண்டும் வீரராக இருந்தவர். காயமுற்றமையால் எடைக்கூடத்தில் நாட்களைக் கழித்தவர். அவர் பயிற்றிய வீரர் வேகம் குன்றவில்லை. அவ்வணி 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் முதன்மை அணியாகத் திகழ்ந்தது. பழைய அச்சம் மெல்லமெல்ல நீங்கிற்று. 1978ஆம் ஆண்டு எப்லி முயற்சியால் வலிமைப் பயிற்றுநர்க்கெனத் தேசியச் சங்கம் ஒன்றும் தோன்றியது.

கல்லூரிகளில் வளர்ந்த இப்பழக்கம் பள்ளிகளிலும் பரவியது. அதற்குப் பொறிகளும் துணை நின்றன. 1957ஆம் ஆண்டு ஹெரால்டு ஜின்கின் என்பவர் ஒரே சட்டத்தைச் சுற்றிப் பலர் ஒரே நேரத்தில் பயிலத்தக்க பொறியை அமைத்தார். எடைகள் அதனுள்ளேயே அடுக்கப்பட்டிருக்கும். ஊசி போன்ற ஆணியைச் செருகி வேண்டிய எடையைத் தேர்ந்துகொள்ளலாம். எடை நழுவிக் காலில் விழும் அச்சம் பெரிதும் இல்லை. மாணவர் பலர் ஒருங்கே பயிலும் பள்ளிகளுக்கு அஃது ஏற்றதாயிற்று. 1970ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் ஜோன்ஸ் மற்றொரு பொறியை வெளிக்கொணர்ந்தார். கையோ காலோ மடங்கி நீளும்போது அதன் வலிமை எல்லா நிலைகளிலும் ஒன்றாக இராது. அதற்கேற்பச் சுமையும் மாறும்படி, சங்கு போல் வளைந்த சக்கரம் ஒன்றை அவர் பொருத்தினார். நாட்டிலஸ் என்னும் கடல் உயிரியின் ஓட்டை ஒத்திருந்தமையால் பொறிக்கும் அப்பெயரே அமைந்தது. அவர் தொழிற்சாலைக்கு அருகில் இருந்த டிலேண்டு உயர்நிலைப் பள்ளியின் கூடத்திலும் அப்பொறிகள் இடம்பெற்றன.

1972ஆம் ஆண்டு மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என வேற்றுமை காட்டலாகாது என்று அமெரிக்க நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் ஈடுபட்ட மாணவியர் மூன்று இலட்சத்திற்கும் குறைவு. இன்று அவர் தொகை முப்பது இலட்சத்தைக் கடந்துள்ளது. எடைக்கூடத்தின் கதவும் அவர்களுக்குத் திறந்தது.

பொறிகள் பெருகின, பயில்வோர் பெருகினர். ஆயினும் பழைய வினா தீரவில்லை. இன்று இம்மாணவன் எவ்வளவு எடை தூக்கலாம்? ஒருவன் ஒரே ஒருமுறை தூக்க இயலும் பேரெடையைக் கண்டு, அதில் இத்தனை பங்கு எனக் கணக்கிடுதல் வழக்கம். பேரெடையைத் தூக்கச் சொல்லி ஆராய்தல் இளைஞர்க்கு இடர் தரக்கூடும். ஆதலால் எப்லி ஒரு கணக்கு வகுத்தார். தூக்கிய முறைகளை முப்பதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால் பேரெடை ஏறத்தாழக் கிடைக்கும். 60 கிலோவைப் பத்து முறை தூக்க வல்லவனுக்குப் பேரெடை 80 கிலோ என்று இக்கணக்குக் காட்டும்.

கணக்கு நன்றே. ஆனால் மாணவன் கணக்குப் பலகை அல்லன். தேர்வுக்காக இரவெல்லாம் கண் விழித்தவன் மறுநாள் முந்தைய நாளைப் போல் இருப்பானா? காய்ச்சல் நீங்கி எழுந்தவன், காலை உணவின்றி வந்தவன், முதல்நாள் ஆட்டத்தில் களைத்தவன் ஆகியோர் உடல் எல்லா நாளும் ஒரே நிலையில் நிற்குமா? சென்ற மாதம் எழுதிய எண், இன்றைய உடலை அறியாது. இக்குறையை நீக்க வந்ததே வேகத்தை அளக்கும் முறை.

ஒருவன் தன் முழு முயற்சியோடு எடையை உயர்த்துகிறான் எனக் கொள்வோம். எடை குறைவாயின் தண்டு விரைந்து எழும்; எடை கூடக்கூட வேகம் குறையும்; பேரெடையை அடைந்தபோது தண்டு ஊர்ந்தே எழும். 2010ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு அறிஞர்களாகிய கொன்சாலஸ் பதில்யோ, சான்செஸ் மெதினா ஆகிய இருவரும், மல்லாந்து படுத்து எடையைத் தள்ளும் பயிற்சியில் இதனை நுணுகி ஆராய்ந்து வெளியிட்டனர். பேரெடையில் எத்தனை பங்கு என்பதற்கும் தண்டின் வேகத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என அவர்கள் கண்டனர். பயிற்சியால் வலிமை கூடிய பின்னும் அத்தொடர்பு பெரிதும் மாறவில்லை. ஆகவே, பேரெடையைத் தூக்காமலே, தண்டின் வேகத்தைக் கொண்டு அன்றைய ஆற்றலை மதிப்பிடும் வழி பிறந்தது.

வேகத்தை அளக்கும் கருவிகள் மூவகை. ஒருவகையில் மெல்லிய கயிறு ஒன்று தண்டில் மாட்டப்படும். தண்டு எழும்போது கயிறு சுருளிலிருந்து நீளும். நீண்ட தொலைவையும் கழிந்த நேரத்தையும் கொண்டு கருவி வேகத்தைக் கூறும். மற்றொரு வகையில், அசைவின் மாற்றத்தை உணரும் சிறு கருவி தண்டிலோ கையிலோ கட்டப்படும். மூன்றாம் வகையில் நிலைச்சட்டத்தில் பொருத்திய காமிரா தண்டின் போக்கைக் கண்டு கணக்கிடும். எவ்வகையாயினும், ஒவ்வொரு முறை தூக்கியதும் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்னும் எண் திரையில் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, மாணவி ஒருத்தி 40 கிலோ எடையைத் தோளில் தாங்கிக் குந்தி எழுகிறாள். வழக்கமாக அவள் வேகம் வினாடிக்கு 0.70 மீட்டர். ஒருநாள் அதே எடையில் 0.78 என்னும் எண் தோன்றுகிறது. தட்டு ஒன்றும் கூடவில்லை. ஆயினும் அவள் வலிமை கூடியுள்ளது. மற்றொரு நாள் முழுமுயற்சி செய்தும் 0.58 என்றே தோன்றுகிறது. அறிவுடைய பயிற்றுநர் அவளைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ளார். உறங்கினாயா, உண்டாயா, எங்கேனும் வலிக்கிறதா என வினவுவார், எடையைக் குறைப்பார். அவள் வாய் திறந்து கூற நாணியதை அந்த எண் கூறிவிடுகிறது. ஐம்பது மாணவரை ஒருங்கே காக்கும் ஓர் ஆசிரியர்க்கு இஃது எத்துணைப் பெரிய துணை!

நிறுத்த வேண்டிய இடத்தையும் இம்முறை காட்டும். களைப்பு மிகும்போது தண்டின் வேகம் முறைக்கு முறை குறையும். 2017ஆம் ஆண்டு வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில் இளம் ஆடவர் இரு குழுவினராய்க் குந்தி எழும் பயிற்சியை எட்டு வாரம் செய்தனர். வேகம் நூற்றுக்கு 20 பங்கு குறைந்ததும் ஒரு குழுவினர் நிறுத்தினர். 40 பங்கு குறையும்வரை மற்றவர் தொடர்ந்தனர். இரண்டாம் குழுவினர்க்குத் தசைப் பருமன் கூடுதலாக வளர்ந்தது. ஆனால் வலிமையில் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒத்தே உயர்ந்தனர். உயரத் தாவும் ஆற்றலிலோ, குறைவாக உழைத்த முதற்குழுவினரே முந்தினர். உடல் சோர்ந்து விழும்வரை முயல்வதே வீரம் என்று எண்ணுவோர்க்கு இவ்வாய்வு நல்ல பாடம்.

அப்பாடம் எத்துணை இன்றியமையாதது என்பதை மற்றொரு நிகழ்ச்சி உணர்த்தும். 2010ஆம் ஆண்டு ஓரிகன் மாநிலத்துப் பள்ளியொன்றின் காற்பந்து அணியினர் கோடைப் பயிற்சிக்குக் கூடினர். அங்கு எடைத்தண்டும் இல்லை, பொறியும் இல்லை. தம் உடல் எடையைத் தாங்கிச் செய்யும் பயிற்சிகளை ஓய்வு குன்ற மிகுதியாகச் செய்தனர். அளவு கடந்த உழைப்பால் அவர்தம் தசைகள் சிதைந்தன. இருபது பேருக்கும் மேற்பட்டோர்க்கு மருத்துவம் தேவைப்பட்டது. சிலர்க்கு அறுவை மருத்துவமும் செய்ய நேர்ந்தது. தீங்கு செய்தது இரும்பு அன்று, அளவின்மையே.

எடைப்பயிற்சி இளையோரின் வளர்ச்சியைத் தடுக்கும் என்னும் கருத்து ஒருகாலத்தில் நிலவியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகள் அவ்வச்சத்தை ஏற்கவில்லை. முறையறிந்து, தகுதியுடையோர் மேற்பார்வையில் செய்யும் பயிற்சி இளையோர்க்கு நன்மையே தரும் என அவை கூறுகின்றன. எடைப்பயிற்சியால் காயமுற்று அந்நாட்டு மருத்துவமனைகளை அடைந்தோரைப் பற்றிய ஆய்வொன்று 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. எட்டு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள சிறுவர்க்கு நேர்ந்த காயங்களுள் மூன்றில் இரண்டு பங்கு கையிலும் காலிலும் நேர்ந்தவை. எடை நழுவி விழுந்ததாலும், தட்டுகளுக்கிடையே விரல் நசுங்கியதாலும் பெரும்பாலும் அவை நேர்ந்தன. இக்காயங்களைத் தடுப்பது எது? வேகம் காட்டும் திரை அன்று. விழிப்புடைய ஆசிரியரின் கண்ணே.

கருவியின் எல்லையும் இங்கு விளங்கும். தண்டு எவ்வளவு விரைந்து எழுந்தது என்பதை உணர்கருவி அறியும். தூக்கியவன் முதுகு வளைந்ததா, முழங்கால் உட்புறம் சாய்ந்ததா என்பதைக் கயிறு அறியாது. முறை தவறித் தூக்குபவனும் உயர்ந்த எண்ணைப் பெறுதல் கூடும். ஆதலின், தூக்கும் முறையை முதலில் பயிற்றி, எண்ணைப் பின்னர்க் காட்டுவதே அறிவுடைமை.

எண்ணைக் காட்டும் வகையிலும் கருத்து வேண்டும். கூடங்கள் சிலவற்றில் மாணவர் பெயரும் எண்ணும் வரிசையாகச் சுவர்த்திரையில் விளங்கும். முதல்வனுக்கு அது மாலை. கடைசியில் நிற்பவனுக்கோ அது முள். முள் குத்தியவன் ஆத்திரத்தால் தன் அளவுக்கு மீறித் தூக்குவான். அல்லது நாணத்தால் கூடத்திற்கே வாரான். ஒவ்வொருவனும் நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிட்டுப் பார்க்க அதே எண் உதவுமாயின், மெலிந்தவனும் மகிழ்ந்து முன்னேறுவான். மேலும், உடல் பற்றிய செய்தி அம்மாணவனுடைய உடைமை. கல்விப் பதிவுகளைக் காக்க அமெரிக்க நாட்டில் 1974ஆம் ஆண்டிலேயே சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. உடல் அளவுகளைத் திரட்டிவைக்கும் பள்ளிகளும் அச்சட்டத்தின் நோக்கத்தை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

பொருள் பற்றிய இடரும் உண்டு. அந்நாட்டுப் பள்ளிகளின் வருவாயில் குறிப்பிடத்தக்க பகுதி அவ்வவ்வூர் வீடு, நில வரிகளிலிருந்து வருவது. செல்வர் வாழும் ஊரின் பள்ளியில் சட்டந்தோறும் காமிரா விளங்கும். எளியோர் வாழும் ஊரின் பள்ளியில் துருவேறிய தண்டே கிடைக்கும். ஆயினும் எளிய பள்ளி அளவறியும் வழியை இழந்துவிடவில்லை. 1921ஆம் ஆண்டு முன்னர்க் கூறிய சார்ஜென்ட் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவன் சுவரருகே நின்று கையை உயர்த்தி எட்டிய இடத்தில் குறியிட வேண்டும். பின்னர்த் தாவி எட்டிய இடத்திலும் குறியிட வேண்டும். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவே அவன் தாவிய உயரம். இக்காலத்தில் மின்விரிப்பு ஒன்று, கால்கள் நிலத்தை நீங்கியிருந்த நேரத்தைக் கொண்டு அதே உயரத்தைக் கணக்கிடுகிறது. அரை வினாடி நீங்கியிருந்தால் உயரம் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். விரிப்புச் சொல்வதைச் சுண்ணக்கட்டியும் ஏறக்குறையச் சொல்லிவிடும். சுவரும் சுண்ணக்கட்டியும், எடையையும் முறையையும் நாள்தோறும் குறித்துவைக்கும் ஓர் ஏடும் இருந்தால், எந்தக் கூடமும் அளவறிந்த கூடமாகும்.

ஆதலால், புதிய கருவிகளை வெறுத்தலும் தகாது. அவற்றையே நம்பி அமர்தலும் தகாது. நல்ல பயிற்றுநர் கையில் உள்ள கருவி இருவகையாலும் உதவும்: ஆற்றல் மிக்கவனை “இன்னும் உன்னால் இயலும்” என ஊக்கும்; களைத்தவனை “இன்று இது போதும்” எனக் காக்கும். முதற்சொல்லைக் கூற ஆசையே போதும். இரண்டாம் சொல்லைக் கூற அறிவும் அன்பும் வேண்டும். தூக்கும் வலிமையோடு, தக்க நேரத்தில் இறக்கிவைக்கும் வலிமையையும் இளமையிலேயே பெற்றவர், பள்ளியை விட்டு நீங்கிய பின்னும் தம் உடலைத் தாமே போற்றி நெடிது வாழ்வர்.